பன்னிரண்டு பேரும் ஒரு படகும்



ஆண்டு மலரில் சுற்றுலாக் கட்டுரை என்றால் வண்டியில் ஏறினோம், வழியெல்லாம் பாடினோம், கண்டோம், களித்தோம், களைப்புடன் வீடு திரும்பினோம் என்று முடியும். நாங்களும் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். இம்முறை அப்படி எழுத வரவில்லை. சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் எங்கள் குடும்பத்தார் பன்னிரண்டு பேர் கேரளத்தின் குட்டநாட்டில் ஒரு படகு வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கினோம். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டு மதிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

'நாங்கள்' என்றால் ஆயாவின் பேரப்பிள்ளைகள் ஐவர். பெரியப்பாவின் மகளும் மகனும் இருவர். இதை எழுதுபவளும் அவள் தம்பியும் இருவர். பிரான்சிலிருந்து வந்த அத்தை மகன் ஒருவன். ஒருத்திக்கு அப்பா என்பவர் இன்னொருவனுக்குச் சித்தப்பா, மற்றொருவனுக்கு மாமா. படிப்பவர்களுக்குத் தலை சுற்றாமலிருக்க, எழுதும் கை யாருடையதோ அந்த முறைப்படியே அப்பா, பெரியப்பா, அத்தை என்று எழுதுகிறோம்.

எங்கள் வீடு உழவர்கரையில் இருக்கிறது. வயதானவர்கள் ஒழுகரை என்பார்கள். ரோடியர் மில் என்று ஊரார் சொல்லிவந்த ஏ.எஃப்.டி. பஞ்சாலையில் தாத்தா முப்பது ஆண்டு தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய மனை அது. தாத்தா இறந்த மறு வருடம் பாகப் பிரிவினை நடந்தது. மனை சரி பாதியாகப் பிரிந்தது, கிணறு பிரியவில்லை. அது எங்கள் பக்கம் விழுந்தது. கிணற்று மோட்டாருக்கு மின் கட்டணம் யார் கட்டுவது என்று தொடங்கிய பேச்சு வளர்ந்து, முற்றத்தின் நடுவே ஆள் உயர மதிலாக எழுந்து நின்றுவிட்டது. பெரியப்பா தம் பக்கத்தில் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார். அன்றுமுதல் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆயா ஒரு மாதம் அந்தப் பக்கம், ஒரு மாதம் இந்தப் பக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஆயாவின் தலையணை, மருந்து டப்பா, எவர்சில்வர் தம்ளர் மூன்றையும் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி அடுத்த வாசலில் கொண்டுபோய் வைப்பது எங்கள் வேலை. "என்னம்மா, முறை மாறிடுச்சா?" என்று தெருவில் யாராவது கேட்பார்கள். அப்போது எங்கள் முகம் தானாகவே தரையைப் பார்க்கும். முப்பத்தொரு நாள் வரும் மாதங்கள் யாருக்கு அதிகம் என்றுகூட ஒருமுறை பேச்சு வந்தது. அன்று ஆயா சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் அத்தையின் தொலைபேசி வந்தது. மாமாவின் தாத்தா, 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர். அதனால் அவர்கள் குடும்பம் அங்கே. அத்தை இருப்பது ரைன் நதியோரத்து ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில். அந்த நதியில் நூறு மீட்டருக்கும் மேல் நீளமான கப்பல்களில் பாட்டி, தாத்தா, பிள்ளை, பேரன் என்று குடும்பம் குடும்பமாக விடுமுறைக்குப் போவார்களாம். கப்பலுக்குள் மின்தூக்கி உண்டாம். மதகுக்குள் கப்பலை நிறுத்தி, கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் கப்பல் மாடிப்படி ஏறுவது போல் மேலே ஏறுமாம். "அந்த மாதிரி நம்ம எல்லாரும் ஒரே படகுல ஒரு நாள் இருக்கணும். அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது" என்றார் அத்தை.

மதிலின் இரு பக்கமும் மறுப்பு எழுந்தது. "தண்ணியில போகணும்னா நோணாங்குப்பம் படகுக் குழாம் இருக்கு. சுண்ணாம்பாத்துல அரை மணி சுத்தினா போதாதா?" என்றார் பெரியப்பா. அவர் வந்தால் தாம் வரவில்லை என்றார் அப்பா. அம்மாவுக்கு வேறு கவலை. 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள் அல்லவா? அவர்களில் குழந்தைகள் பலர். அம்மாவால் அதை மறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆயா கடைசியில் ஒன்று சொன்னார். "செலவுல பாதி என்னுது. அவரு எம்பேர்ல போட்டு வச்ச பணம் பேங்குல கெடக்கு. வரவங்க வாங்க. வராதவங்க வீட்டக் காவல் காத்துக்கிட்டு இருங்க. நான் பிள்ளைங்களோட போறேன்."

தாத்தாவின் பணம் என்றதும் இரண்டு பக்கமும் வாயடைத்துப் போயின.

விழுப்புரத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஆயா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் மதுரை வருமுன்பே தீர்ந்தன. அப்பா பெட்டியின் ஒரு கோடியிலும் பெரியப்பா மறு கோடியிலும் இருந்தார்கள். இடையில் நாங்கள் துவையலைக் கொண்டுபோவதும் தண்ணீரைக் கொண்டுவருவதுமாகத் தபால்காரர்கள் ஆனோம். மறுநாள் இருட்டு விலகுமுன் ஆலப்புழையில் இறங்கினோம். படகில் ஏற்றிக்கொள்வது நண்பகலில்தான் என்பதால் கடற்கரைக்குப் போனோம். 1862-இல் கட்டிய பழைய துறைமுகப் பாலத்தின் தூண்கள் மட்டும் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்க் கடற்கரையில் நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று.

நண்பகலில் புன்னமடைக்குச் சென்றோம். நேரு கோப்பை வள்ளங்களி நடக்கும் காயல் அதுதான். 1952-இல் நேரு வந்தபோது தொடங்கியதாம். கரையோரம் நூற்றுக்கணக்கில் படகு வீடுகள், திருவிழாவுக்கு வந்த கூண்டு வண்டிகள் போல நெருக்கியடித்து நின்றன. அம்மா முதலில் செய்த காரியம் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணியது. பன்னிரண்டும் இருந்தன. பிள்ளைகளுக்குரிய சிறிய அளவில் இரண்டு இருந்தன. அதன்பிறகுதான் எங்களை ஏற விட்டார். அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பதாக இல்லை.

கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகைதான் பாலம். முழங்கால் வலிக்காரரான ஆயா அதன் முன்னே நின்றுவிட்டார். படகுக்காரர் ஒரு கையைப் பிடித்தார். மறு கையைப் பிடிக்க அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் வந்தார்கள். வந்த வேகத்தில் இருவரும் நின்றார்கள். "ஒருத்தன் முன்னால போ, ஒருத்தன் பின்னால வா. நான் விழுந்தா எந்தப் பக்கம் விழுவேன்னு எனக்கே தெரியாது" என்றார் ஆயா. அப்படியே ஏறினார்கள். ஏறி முடிந்ததும் அவரவர் ஒரு மூலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் படகு நம் வீடு போலன்று. எந்த மூலைக்குப் போனாலும் பத்தடியில் இன்னொருவர் இருப்பார். கோபித்துக்கொண்டு வெளியே போக வாசலும் இல்லை.

இந்தப் படகுக்கு மலையாளத்தில் கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டு என்றால் கட்டு. அயினி மரப் பலகைகளை ஓர் ஆணியும் அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். இடுக்குகளில் தேங்காய் நாரை அடைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து காய்ச்சிய கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். நன்றாகப் பராமரித்தால் தலைமுறைக் கணக்கில் உழைக்குமாம். சாலைகள் வருவதற்கு முன் இவைதாம் குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கொச்சிக்குக் கொண்டுபோயின. பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். லாரிகள் வந்தபின் வேலையின்றிக் கரையில் கிடந்தவற்றுக்கு 1990-களில் அறையும் கூரையும் போட்டுச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். நெல் இருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். எங்கள் படகில் நான்கு அறைகள். ஓட்டுநர், சமையற்காரர், உதவியாள் என மூவர். ஓட்டுநரை ஸ்ராங்கு என்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசினார். இளமையில் திருப்பூரில் வேலை பார்த்தவராம்.

படகு நகர்ந்து ஒரு மணி நேரம் சென்றிருக்கும். ஆயா திடீரென்று, "ஐயோ, வயல் கீழ கெடக்குதே!" என்று கூவினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். உண்மைதான்! கால்வாயில் தண்ணீர் மேலே நிற்கிறது. வரம்புக்கு அப்பால் வயல் பள்ளத்தில் இருக்கிறது. படகில் அமர்ந்து வயலைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கு நான்கு அடி முதல் பத்து அடி வரை கீழே உழுது பயிரிடுகிறார்கள். இந்த வேளாண்மை முறையை 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக மரபுச் சிறப்புடையதாக ஏற்றது. புவியியல் பாடத்தில் ஹாலந்தைப் படித்த எங்களுக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று.

ஆயா உழவர் வீட்டில் பிறந்தவர். ஊசுட்டேரித் தண்ணீர் பாயும் நிலத்தில் நாற்று நட்டவர். அவருடைய வியப்பு எங்களுடையதைவிடப் பெரிது. "நாங்க வயலுக்குத் தண்ணி எறைக்க ஏத்தம் போட்டோம். இவங்க வயல்லேருந்து தண்ணிய வெளிய தள்ள மெஷின் போடறாங்க பாரு!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீரை வெளியேற்றும் அந்தப் பழைய மரப் பொறிக்குப் பெட்டியும் பறையும் என்று பெயர். அறுவடை முடிந்த தாளடியில் ஆயிரக்கணக்கான வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் தம்பியும் அத்தை மகனும் அவற்றை எண்ணத் தொடங்கி, நூற்றுப்பத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவன் தமிழிலும் மற்றவன் பிரெஞ்சிலும் எண்ணியதால் யார் சரி என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்ராங்கு சொன்ன ஒரு செய்தி எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. ஒரே வரம்புக்குள் இருக்கும் வயல்களை எல்லாம் சேர்த்துப் பாடசேகரம் என்கிறார்கள். அதில் நூறு பேருக்கு நிலம் இருக்கலாம். ஆனால் ஒருவர் தம் துண்டில் மட்டும் தண்ணீரை இறைத்துவிட முடியாது. பக்கத்து வயல் தண்ணீர் திரும்ப வந்துவிடும். எல்லோரும் ஒன்றாகப் பணம் போட்டு, ஒரே நேரத்தில் மோட்டார் ஓட்டி, ஒரே நேரத்தில் விதைக்க வேண்டும். வரம்பு உடைந்தால் எல்லோர் பயிரும் ஒன்றாகப் போகும். "கரண்டு பில்லுக்குச் சண்டை வராதா?" என்று பெரியக்கா சட்டென்று கேட்டுவிட்டாள். "வரும், வரும். சண்டையும் போடும், மோட்டாரும் ஓட்டும்" என்றார் அவர். அப்பா வாத்துகளைப் பார்த்தார். பெரியப்பா தென்னை மரங்களைப் பார்த்தார்.

1940-களில் வேம்பநாட்டுக் காயலுக்குள்ளேயே வரம்பு கட்டி, நீரை இறைத்து, சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று பெரும் வயல்களை உண்டாக்கிய ஜோசப் முரிக்கன் என்பவரைப் பற்றியும் கேட்டோம். காயல் ராஜா என்றே அவரை அழைத்தார்களாம். 1970-களில் நிலச் சீர்திருத்தத்தில் அந்த நிலங்கள் கை மாறின.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் எங்களில் ஒருவன் கோபிப்பான். வாழையிலையில் மடித்துச் சுட்ட கரிமீன், சிவப்பரிசிச் சோறு, மோர்க்குழம்பு. ஆயாவுக்கு அந்தப் பருத்த சோறு இறங்கவில்லை. எழுந்து சமையற்கட்டுக்கே போய்விட்டார். முந்தானை முடிச்சிலிருந்து எங்கள் வீட்டு வடகத்தை எடுத்துத் தாளிக்கச் சொல்லி, ரசம் வைத்துக்கொண்டு வந்தார். வடகம் தாளித்த மணத்துக்குச் சமையற்காரர் ஒரு கை வாங்கி வைத்துக்கொண்டார். மலையாளத்தில் அவரும் தமிழில் ஆயாவும் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன புரிந்ததோ!

ஒன்று மட்டும் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. கால்வாய்க் கரையெல்லாம் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீருக்குள் இறங்கும் படிகள். ஓர் அம்மா படியில் அமர்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் படகும், பின்னால் வந்த படகும், அதற்குப் பின்னால் வந்த படகும் அவரைப் பார்த்துக்கொண்டே போயின. பெரியக்கா படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியவள் கீழே வைத்துவிட்டாள். நம் வீட்டுக் கிணற்றடியில் நாளெல்லாம் அன்னியர் எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? தண்ணீரின் மேல் எண்ணெய் படலம் மினுமினுத்தது. நாலா பக்கமும் தண்ணீர் இருந்தும் அங்குள்ளவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பல இடங்களில் விலைக்கு வாங்குகிறார்கள். நாங்கள் உல்லாசமாகப் போன அதே கால்வாயில் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள், நம் ஊர்ப் பேருந்து போல ஒவ்வொரு துறையிலும் நின்று, கூடை வைத்திருப்பவர்களையும் அலுவலகம் போகிறவர்களையும் ஏற்றிச் சென்றன. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியபோது இந்த உல்லாசப் படகுகளிலும் மக்களை ஏற்றிக் கரை சேர்த்தார்களாம்.

மாலை ஐந்தரை மணிக்குப் படகைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிப்பார்கள்; அதற்குமேல் படகு வீடுகள் ஓடக் கூடாது. ஒன்பது மணிக்கு அறைகளில் குளிர்சாதனம் போட்டார்கள். பத்தரை மணிக்கு அது நின்றுவிட்டது. ஜெனரேட்டர் என்னென்னவோ சத்தம் போட்டு அடங்கியது. ஏப்ரல் மாதப் புழுக்கம்! ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முதலில் மாமா வந்தார், பிறகு அம்மாவும் பெரியம்மாவும், பிறகு எல்லோரும். படகின் முன்தளத்தில் பாய்களை விரித்து, ஆயாவை நடுவில் படுக்க வைத்து, சுற்றிலும் படுத்தோம். கொசுவத்தி நான்கு மூலையிலும் புகைந்தது. இடம் போதாமல் அப்பாவின் காலடியில் பெரியப்பாவின் தலையணை வந்தது. எடுத்துப் போட வேறு இடமில்லை.

இருட்டில் ஆயா பேசத் தொடங்கினார். 1954-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது தமக்கு ஏழு வயது என்றும், மிட்டாய் கொடுத்தார்கள் என்பது மட்டுமே நினைவிருக்கிறது என்றும் சொன்னார். தாத்தா மில்லிலிருந்து வரும்போது மீசையில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும் என்றார். கிணறு வெட்டிய கதையைச் சொன்னார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

"இன்னிக்குத்தான், நாளைக்கு எந்தப் பக்கம் சோறுன்னு நெனைக்காம படுத்திருக்கேன்" என்றார்.

யாரும் பேசவில்லை. தண்ணீர் படகின் வயிற்றில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. எங்கள் ஐவருக்கும் அழுகை வந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை. அத்தை மகனுக்குத் தமிழ் பாதிதான் புரியும், அவனும் அழுதான்.

நெடுநேரம் கழித்துப் பெரியப்பாவின் குரல் கேட்டது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது.

"அந்த மோட்டார் இப்ப எப்படி ஓடுது?"

தாத்தாவோடு சேர்ந்து அந்த மோட்டாரைக் கிணற்றில் இறக்கியவர் பெரியப்பாதான். ஐ.டி.ஐ. படித்தவர். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அப்பா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு செபமாலையே சொல்லி முடித்திருக்கலாம் போலத் தோன்றியது.

"சத்தம் வருது" என்றார் அப்பா. "பேரிங்கா இருக்கும்."

"கிரீஸ் வச்சியா?"

"போன மாசம் வச்சேன். நிக்கல."

அதன்பின் பேரிங்கைப் பற்றியே பேசினார்கள். எத்தனையாம் எண் பேரிங், எந்தக் கடையில் கிடைக்கும், கழற்றும்போது தண்டு வளையாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று. பாகத்தைப் பற்றியோ மதிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மோட்டார் பேரிங்கைப் பற்றிய பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் உலகத்தில் நாங்கள் ஐவராகத்தான் இருக்க முடியும். எப்போது தூங்கினோம் என்று தெரியாது. விழித்தபோது ஆயா எழுந்து உட்கார்ந்து, கரையில் ஒருவர் வலையை உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு எங்களைப் புன்னமடையில் இறக்கிவிட்டார்கள். இறங்கும்போதும் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

மதில் இருக்கிறது. அதை யாரும் இடிக்கவில்லை. இடிப்பார்கள் என்று எதிர்பார்த்த எங்களில் சிலருக்கு ஏமாற்றமே. ஆயாவின் மாத முறையும் மாறவில்லை. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பேரிங்கை மாற்ற மூன்று மணி நேரம் ஆயிற்று. அம்மா கொடுத்த காப்பியைக் கிணற்றடியில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் முதல் தேதி தலையணையைத் தூக்க நாங்கள் தயாராக இருந்தோம். அப்பா எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மருந்து டப்பாவையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு, ஆயாவின் கையைப் பிடித்துத் தெருவைச் சுற்றிப் போனார். போனவர் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "அங்கயே ஆயிடுச்சு" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.